காட்டும் கட்டடமும் காட்டாத வகுப்பறையும்: கல்லூரியில் பணம் கட்டும் முன்னும் பின்னும்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் சென்னை மேடவாக்கம் கூட்டு ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லூரி விளம்பரம்தான். தாம்பரம் பக்கம் போனாலும், சோழிங்கநல்லூர் வழியாக ஓ.எம்.ஆர். போனாலும், மாம்பாக்கம் தாண்டி வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைக்குப் போனாலும் அரை மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு கல்லூரி வாசல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் ஒரே நாளில் மூன்று கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். திரும்பும்போது பலர் சொல்வது ஒன்றுதான்: "போட்டோவுல பார்த்தது வேற, நேர்ல இருக்கறது வேற."

அந்த ஏமாற்றம் வீண் இல்லை. பணம் கட்டும் முன் வந்தால் அது மலிவான எச்சரிக்கை. கட்டிய பின் வந்தாலும் வழி உண்டு, ஆனால் அதற்குக் கெடு உண்டு.

எதைக் காட்டுகிறார்கள்?

சுற்றிக் காட்டுபவர் பெரும்பாலும் அட்மிஷன் ஊழியர். ஏசி செமினார் ஹால், முன்பக்க பிளாக், மாதிரிக்கென்று வைத்திருக்கும் ஒரு விடுதி அறை, வேலைவாய்ப்பு பெற்றவர்களின் படங்கள் ஒட்டிய சுவர் என்று வரிசையாக அழைத்துப் போவார். அது முடிந்ததும் அட்மிஷன் மேசை. "இந்த ஸ்காலர்ஷிப் இன்னிக்கு மட்டும்தான் சார், டோக்கன் அட்வான்ஸ் போட்டா சீட்டை பிளாக் பண்ணிடலாம்" என்பார்கள். அந்த இடத்தில் பர்ஸைத் திறக்காமல் எழுந்து வருவதுதான் முதல் பாதுகாப்பு.

நீங்களாகக் கேட்டுப் பார்க்க வேண்டியவை வேறு. பிள்ளை சேரப்போகும் துறையின் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கருவியின் மேல் தூசி இருக்கிறதா, பிளக் பாயின்ட்டில் மின்சாரம் வருகிறதா, ஒரு பேட்ச் மாணவர்களுக்கு எத்தனை கருவி என்று பாருங்கள். மேசையில் பழைய ரெக்கார்டு நோட்டு கிடந்தால் புரட்டுங்கள். ஆசிரியர் கையெழுத்தும் தேதியும் எல்லாப் பக்கத்திலும் ஒரே நாளில் போடப்பட்டிருந்தால் அந்த ஆய்வகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். விடுதி என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸுக்குப் போங்கள். கோடையில் தண்ணீர் போர்வெல்லில் வருகிறதா, லாரியில் வருகிறதா என்று வார்டனைக் கேளுங்கள். தென்புறநகரில் இது சின்னக் கேள்வி இல்லை.

கல்லூரி நடக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. காலையில் கூட்டு ரோட்டில் கழுத்தில் அடையாள அட்டையோடு கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். "இந்த செமஸ்டர்ல எத்தனை மேம், சார் பாதியில போனாங்க?" என்று கேட்டாலே போதும்.

கண்ணுக்குத் தெரியாத ஆசிரியர்கள்

ஆசிரியர் பட்டியலையும் சரிபார்க்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது. 224 கல்லூரிகள், 353 ஆசிரியர்கள் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. முறைகேடு நடந்திருப்பதைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. தாளில் இருக்கும் பேராசிரியர் வகுப்பறையில் இல்லை என்பதை எந்த ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாவிலும் பார்க்க முடியாது.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதிப்படி பொறியியலில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். கல்லூரி இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் நாலு பேரைப் பார்க்க வேண்டும் என்று துறையில் போய்க் கேளுங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை

முதலில் கல்லூரியின் வகை. சத்யபாமா, பாரத், கிரசென்ட் போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் இவை வராது. பள்ளிக்கரணை ஜெருசலேம் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழக இணைப்பு; கலந்தாய்வில் வரும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழக இணைப்பில் உள்ள தன்னாட்சிக் கல்லூரி. வகை மாறினால் கட்டணமும் சேர்க்கையும் புகார் கொடுக்கும் இடமும் மாறும்.

அடுத்து வேலைவாய்ப்பு. பேனரில் இருப்பது ஒரே ஒருவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளம். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தகவலைச் சொந்த இணையதளத்திலும் போட வேண்டும். அதில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். இடைநிலை என்றால், வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தொகைக்குக் கீழேதான் வாங்குகிறார்கள் என்று பொருள். நாக் தரச்சான்று கல்லூரி முழுவதற்கும் உரியது, என்.பி.ஏ. அங்கீகாரம் பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுவது. உங்கள் பாடப்பிரிவுக்கு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்

கெடுவுக்குள் விலகினால் கட்டணம் முழுதாகவோ ஒரு பகுதியோ திரும்பக் கிடைக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 அறிவிப்பு, சேர்க்கையின் அறிவிக்கப்பட்ட கடைசி நாளை வைத்துக் கணக்கிடுகிறது:

- 15 நாளோ அதற்கு மேலோ முன்பே விலகினால் 100 சதவீதம் (பரிசீலனைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்)
- 15 நாளுக்கும் குறைவான இடைவெளியில் முன்பே விலகினால் 90 சதவீதம்
- கடைசி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் 80 சதவீதம்
- 16 முதல் 30 நாளுக்குள் 50 சதவீதம்
- அதற்குப் பின் கட்டணம் கிடைக்காது. காப்புத் தொகை மட்டும் திரும்ப வரும்

சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடச் சலுகையான தேதிகளை அறிவிக்கும். 2024-25க்கு செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று சொன்னது. ஆகவே அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பாருங்கள்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் போன்ற அசல்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாமல் கேட்கும் "டொனேஷன்" 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு நன்கொடைக் கட்டணத் தடைச் சட்டப்படி குற்றம்.

புகார் யாரிடம்?

2023ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி தகவல் கையேட்டில் பொய்யான, திசைதிருப்பும் விவரம் கொடுப்பதே புகாருக்குரிய காரணம். சான்றிதழைத் தராமல் இழுப்பதும் அப்படியே. முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் பதியலாம். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்.

நுகர்வோர் ஆணையம் எல்லோருக்கும் கைகொடுக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். கல்வி நுகர்வோர் சட்டத்தில் வருமா என்பதில் தீர்ப்புகள் இரு பக்கமும் உள்ளன. அங்கீகாரம் இல்லாததை மறைத்து மாணவர்களைச் சேர்த்த பீகார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று இழப்பீடு தர வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர் வந்த வழக்குகளில் கல்வி நிறுவனங்களுக்குச் சாதகமாகவும் தீர்ப்புகள் வந்தன.

எந்த வழியில் போனாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதுதான். அட்மிஷன் மேசையில் சொன்ன கட்டணத்தையும் ஸ்காலர்ஷிப்பையும் வேலைவாய்ப்பு உறுதியையும் அன்றே கல்லூரி மின்னஞ்சலுக்கு, "இன்று நீங்கள் சொன்னது இது, சரிதானா?" என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் அது உங்கள் ஆதாரம். பதில் வராத கல்லூரிக்குப் பணம் அனுப்பும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.