அரசரின் மறுப்பு: ஒரு நார்வேத் திரைப்படம்

அரசன் என்றதும் செங்கோலும் வெண்கொற்றக்குடையும் நம் நெஞ்சில் தோன்றுகின்றன. ஆணையிடுவோன் அரசன், அடங்குவோர் குடிகள் என்பது நாம் இலக்கியங்களின் வழிப் பெற்ற அறிவு. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எஞ்சிய முடியாட்சிகள் பலவற்றுக்கு இவ்விலக்கணம் பொருந்தாது. அங்கே ஆள்வது அமைச்சரவை, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், அரசர் கையொப்பமிடுகிறார். அதிகாரமற்ற அத்தகைய அரசர் ஒருவரிடம் நாட்டின் மானமே வந்து நின்றால் அவர் யாது செய்வார்? எரிக் பொப்பே இயக்கி 2016-ஆம் ஆண்டு வெளிவந்த நார்வே நாட்டுத் திரைப்படம் இவ்வினாவை எடுத்துக்கொள்கிறது. அதன் மூலத் தலைப்பை 'அரசரின் மறுப்பு' எனத் தமிழாக்கலாம். ஆங்கிலத்தில் 'அரசரின் தேர்வு' எனப் பொருள்பட மாற்றிவிட்டனர். அம்மாற்றம் மூலத்தின் உறுதியைச் சற்றே தளர்த்திவிட்டது என்பது நம் கருத்து.

கதைத்தலைவர் ஏழாம் ஹாக்கோன் நார்வேயில் பிறந்தவர் அல்லர். டென்மார்க் அரசகுலத்து இளவல். 1905-ஆம் ஆண்டு நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்தபோது அந்நாட்டார் அவரை அரியணைக்கு அழைத்தனர். மக்கள் முடியாட்சியை விரும்புகின்றனரா எனக் கேட்டறிந்த பின்னரே வருவேன் என்றார் அவர். அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் இசைந்தனர். வாக்குப் பெற்று வந்த அரசர் என்னும் இந்நினைவைப் படம் தொடக்கத்திலேயே ஊன்றிவிடுகிறது; பின்னர் நிகழ்வன எல்லாம் இதன்மேல் எழுந்தவையே. ஹாக்கோனாக நடித்த யெஸ்பர் கிறிஸ்டென்சனும் டென்மார்க்கைச் சேர்ந்தவர் என்பது ஒரு நற்பொருத்தம்.

1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கையும் நார்வேயையும் ஒருங்கே தாக்கின. டென்மார்க்கின் அரசர் பத்தாம் கிறிஸ்டியன் ஹாக்கோனின் உடன்பிறந்த தமையன். அவர்தம் அரசு சில மணி நேரத்திலேயே பணிந்துவிட்டது. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவை நோக்கி ப்ளூஹர் என்னும் புத்தம்புதிய போர்க்கப்பல் குறுகிய கடற்கழி வழியே முன்னேறியது. அவ்வழியைக் காத்து நின்றது ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டை. மேலிடத்திலிருந்து தெளிவான ஆணை வாராத நிலையிலும் முதியவரான கோட்டைத் தலைவர் பிர்கர் எரிக்சன் சுடுமாறு பணித்தார். அவர்தம் பெரும் பீரங்கிகள் ஜெர்மனியின் குருப் ஆலையில் வார்க்கப்பட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு நிறுவப்பட்டவை. பீரங்கிக் குண்டுகளும் நீர்மூழ்கிக் குண்டுகளும் தாக்க, ப்ளூஹர் மூழ்கியது. இதனால் கிடைத்த சில மணி நேரத்துக்குள் அரசகுடும்பமும் அமைச்சரவையும் நாடாளுமன்ற உறுப்பினரும் தொடர்வண்டியேறி வடக்கே ஹாமர் நகருக்குச் சென்றனர். பின்னர் எல்வெரும் என்னும் சிற்றூரை அடைந்தனர். மருமகளும் மூன்று பேரக் குழந்தைகளும் சுவீடனுக்கு அனுப்பப்பட்டனர்.

அன்று மாலையே விட்குன் குவிஸ்லிங் வானொலியில் தம்மைத் தாமே பிரதமராக அறிவித்துக்கொண்டார். அவர் பெயர் பிற்காலத்தில் பல மொழிகளில் 'நாட்டைக் காட்டிக்கொடுப்பவன்' என்னும் பொதுப்பெயராகிவிட்டது. இயற்பெயர் இவ்வாறு இழிபெயராதல் சொல்லாராய்ச்சியில் ஈடுபடுவார்க்குச் சுவையான செய்தி. குவிஸ்லிங்கைப் பிரதமராக அரசர் அமர்த்தவேண்டும் என்பது ஹிட்லரின் கட்டளை. அக்கட்டளையைச் சுமந்துகொண்டு ஏப்ரல் 10 அன்று எல்வெருமுக்கு வந்தவர் ஜெர்மானியத் தூதர் கர்ட் பிராயர். அவரைக் கொடியவராகத் தீட்டாமல், குருதி சிந்தாமல் முடிக்க விழைந்து தம் மேலோருக்கும் அஞ்சி நடுங்கும் மனிதராகக் காட்டியிருப்பது இயக்குநரின் நடுவுநிலைக்குச் சான்று. அரசரைத் தனியே காணவேண்டும் எனத் தூதர் வற்புறுத்துகிறார். அமைச்சரவையைக் கலவாமல் எம்முடிவும் சொல்ல இயலாது என்கிறார் அரசர். தூதர் எதிர்கொள்வது ஒரு பழங்கால வேந்தனை அன்று, அரசமைப்பை என்பதை அக்காட்சி நமக்கு உணர்த்துகிறது.

படத்தின் உயிர்நிலை அதற்குப் பின் வருகிறது. நிபெர்க்சுண்டில் கூடிய அமைச்சர்முன் ஹாக்கோன் தம் முடிவை உரைத்தார். முடிவெடுக்க வேண்டியது அமைச்சரவையே. போரால் விளையும் இழப்பின் சுமையையும் தாம் அறிவார். எனினும் குவிஸ்லிங்கை அமர்த்தத் தம்மால் இயலாது. அமைச்சரவை அதற்கு இசையுமாயின் தாம் முடிதுறப்பதன்றி வேறு வழியில்லை. இதுவே அவர் கூற்றின் சாரம். மாணாக்கர் ஈண்டு ஓர் இலக்கண நுட்பத்தை எண்ணிப் பார்க்கலாம். 'இல்லை' என்னும் சொல் ஐம்பாலுக்கும் மூவிடத்திற்கும் பொது. எவர் வாயிலும் அது அமையும். 'ஏற்கேன்' என்பதோ தன்மை ஒருமை. சொன்னவர் அச்சொல்லுக்குள்ளேயே நிற்கிறார். ஹாக்கோன் சொன்னது இரண்டாம் வகை. நாட்டின் சார்பில் அவர் மறுக்கவில்லை, அதற்கு அவருக்கு உரிமையும் இல்லை. தம் பொருட்டு மறுத்தார். அதற்குத் தம் முடியையே விலையாக வைத்தார். அமைச்சரவை அவரோடு உடன்பட்டது. அம்மறுப்பு தொலைபேசி வழியே தூதருக்கு அறிவிக்கப்பட்டது.

ஒரு குறையும் சொல்லவேண்டும். அரசரின் உருவம் ஓங்க ஓங்க, அமைச்சர்கள் படத்தில் சோர்ந்தவராகவும் தடுமாறுபவராகவும் சுருங்கிவிடுகின்றனர். பிரதமர் நிகோர்ஸ்வோல்ட் பதவி விலக முன்வந்தது மெய்யே. ஆயினும் சட்டப்படி மறுப்பு அவர்தம் அமைச்சரவையினுடையது. அதன் பழியையும் இடரையும் அவர்களும் சுமந்தனர். வரலாற்றைப் படத்தின் வழி மட்டும் கற்பவர் இதனை மறந்துவிடக்கூடும்.

மறுப்பின் விலை உடனே தெரிந்தது. ஏப்ரல் 11 அன்று நிபெர்க்சுண்டின்மீது வானூர்திகள் குண்டு பொழிந்தன. அரசரும் பட்டத்து இளவரசர் ஓலாவும் பனி மூடிய காட்டினுள் ஓடி ஒளிந்தனர். படம் இம்மூன்று நாள்களையே தன் களமாகக் கொள்கிறது.

படத்தின் எல்லைக்கு அப்பால் மற்றொரு மறுப்பும் உண்டு. 1940 ஜூன் 7 அன்று ஹாக்கோன் ட்ரோம்ஸோ துறையிலிருந்து பிரித்தானியப் போர்க்கப்பலில் இலண்டன் புறப்பட்டார். ஆக்கிரமிப்பாளரின் நெருக்குதலுக்கு ஆளான நாடாளுமன்றத் தலைமைக் குழுவே அவரை முடிதுறக்குமாறு வேண்டியது. அச்சத்தின் பிடியில் எழுதப்பட்ட வேண்டுகோள் மக்களின் விருப்பம் ஆகாது என்று அவர் இம்முறையும் இசையவில்லை. அவ்விடை ஜூலையில் பி.பி.சி. வானொலி வழியே நாட்டு மக்களைச் சென்றடைந்தது. முன்னர் முடியைத் துறக்க முன்வந்தவர் இப்போது துறக்க மறுத்தார். இரண்டாம் மறுப்பையும் சேர்த்து நோக்கினாலன்றி முதல் மறுப்பின் பொருள் நிறைவுறாது என்று நாம் கருதுகிறோம். ஹாக்கோன் ஆஸ்லோ திரும்பியது 1945 ஜூன் 7. நாட்டைவிட்டு நீங்கிச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து. சுவீடனுடனான இணைப்பு முறிந்ததாக 1905-இல் நார்வே நாடாளுமன்றம் அறிவித்த நாளும் அதே ஜூன் 7.