பசியில்லாத மீனுக்கு இரைத் தடை ஏன்?

கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறியதும் சால்மன் தின்பதை நிறுத்திவிடுகிறது, குடலே சுருங்கிப்போகிறது. அப்படியிருக்க, அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் சினூக் சால்மனின் முதல் கூட்டம் ஏறும் மே, ஜூன் மாதங்களில் தூண்டிலில் இரை கோக்கக் கூடாது என்று விதி வைத்தது எதற்கு? பசி போனாலும் மோப்பம் போவதில்லை. பிறந்த ஓடையை வாசனையால் தேடிவரும் மீன் அது. பதப்படுத்திய சால்மன் முட்டைக் கொத்தின் வாசம் கலங்கல் நீரிலும் அதை எட்டும், வாய் கவ்விவிடும். உலோகத் தகட்டுப் பொய்யிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக, ஆற்றை மூடாமலே பிடிபடும் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

பிடித்ததை உயிரோடு விட்டுவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். முள் எங்கே குத்தியது என்பதுதான் கேள்வி. இரையை மீன் உள்ளே இழுக்கிறது. முள் செவுளிலோ தொண்டையிலோ ஏறி ரத்தம் கசிந்தால் பிழைப்பது அரிது. அலாஸ்காவின் லிட்டில் சுசிட்னா கழிமுகத்தில் இரை வைத்துப் பிடித்து விடப்பட்ட, சினூக்கின் உறவான கோஹோ சால்மன்களில் 69 சதவீதம் மடிந்ததாக 1993இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மேலாற்றில் 12 சதவீதமே. உப்புநீரிலிருந்து நன்னீருக்கு மாறும் உடலின் தவிப்பையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும். பழி முழுவதும் இரைமேல் அல்ல. எல்லா மாதமும் தடை ஏன் வைக்கவில்லை? பின்னால் ஏறும் கூட்டத்தைவிட முதல் கூட்டம் சிறியது, அதனால் அதற்குத்தான் காப்பு தேவைப்பட்டது. அந்த மாதங்களிலும், ஒலியலைக் கருவி எண்ணிக்கையில் முட்டையிடப் போதுமான மீன் ஏறியது உறுதியானால், அதிகாரிகள் இரையை அனுமதிக்க விதி இடம் தந்தது.