மூச்சு முதலில், பால் அடுத்து

"எனக்குப் பால் பத்தலைங்க மேடம்." பச்சிளம் குழந்தைகள் பிரிவிலிருந்து என்னிடம் அனுப்பப்படும் அம்மாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பால் கட்டி ஜாக்கெட் நனைந்திருக்கும். ஆனாலும் குழந்தை குடிக்கவில்லை என்றதும் வீட்டில் எல்லோரும் அவளைத்தான் பார்க்கிறார்கள், அவளும் நம்பிவிடுகிறாள். குழந்தையைத் தொடுவதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன்: "பால் இருக்கும்மா. உங்க பிள்ளைக்குக் குடிக்கிற வேலைதான் இன்னும் கைவரலை."

நான் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர். பேச்சே வராத பச்சைக் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியாளர் எதற்கு என்று கேட்காத வீடில்லை. பேசுவதற்கு வேண்டிய உதடும் நாக்கும் அண்ணமும் தொண்டையும்தான் குடிப்பதற்கும் வேண்டும். அவற்றின் அசைவைப் படித்தவர்கள் என்பதால் இந்த வேலை எங்களிடம் வருகிறது.

குடிப்பது பார்க்கச் சுலபம். ஆனால் சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் நொடிக்கு நொடி இசைந்து நடக்க வேண்டும். தொண்டையில் காற்றும் பாலும் ஒரே வழியில் வந்துதான் பிரிகின்றன. ரயில் வரும்போது கேட் மூடுவதைப் போல, ஒவ்வொரு மடக்குக்கும் மூச்சுப்பாதை மூடித் திறக்க வேண்டும். கருப்பையிலேயே குழந்தை பனிக்குட நீரை விழுங்கிப் பழகியிருக்கும். ஆனால் அங்கே நுரையீரலுக்குக் காற்று தேவைப்படவில்லை. மூன்றும் ஒத்துப்போகும் முதிர்ச்சி ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கூடி வருகிறது. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு மூக்கு அல்லது வாய் வழியாக இரைப்பைக்குக் குழாய் போடுவது அதனால்தான். அந்தக் குழாயைக் கண்டு அழ வேண்டியதில்லை. குழந்தைக்கு அவகாசம் வாங்கித் தருவது அது.

அந்த அவகாசத்தில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில், குழந்தையை அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டும் கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கியது. பிறந்த பிறகு இயன்றவரை சீக்கிரம் இதைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அப்படிக் கிடக்கும்போது, பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்ட மார்பைக் குழந்தையின் வாயருகே விடச் சொல்வேன். நக்கிப் பார்க்கும், இரண்டு முறை சப்பும், தூங்கிவிடும். அதே நேரத்தில் குழாய் வழியே பால் இறங்கும். சப்பலுக்கும் வயிறு நிறைவதற்கும் உள்ள உறவை உடம்பு மெல்லக் கற்கிறது. இந்த வெறும் சப்பல் கிடைத்த குறைமாதக் குழந்தைகள் குழாயிலிருந்து சீக்கிரம் விடுபடுவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

வாய்வழிப் பால் தொடங்கிய பிறகு எத்தனை மில்லி இறங்கியது என்பதை நர்ஸ் பார்த்துக்கொள்வார். நான் முகத்தைப் பார்ப்பேன். புருவம் ஏறுகிறதா, மூக்கு விடைக்கிறதா, விரல்கள் விறைத்து விரிகின்றனவா, கடைவாயில் பால் வழிகிறதா, உதட்டைச் சுற்றி நீலம் பாய்கிறதா? இவையெல்லாம் "கொஞ்சம் நிறுத்து" என்று குழந்தை சொல்வது. தலை சற்று உயர்ந்திருக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பால் தொண்டைக்குள் பாயாமல் நிதானமாக வரும். சில மடக்குக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சுவாங்க விட வேண்டும். ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போராட வைத்தால், குடித்த பாலின் சத்து அந்தப் போராட்டத்திலேயே செலவாகிவிடும்.

இந்த இடத்தில்தான் பாட்டிமார்களோடு எனக்கு வாக்குவாதம் வரும். "நாங்கல்லாம் சங்குல ஊத்தித்தாம்மா வளர்த்தோம், நாக்கை அழுத்திக்கிட்டு ஊத்தினா தானா இறங்கும்." சங்கு மோசமான பொருளே அல்ல. புட்டியை விட அதைக் கழுவிக் கொதிக்க வைப்பது எளிது. பாலாடை என்ற பெயரில் மருத்துவமனைகளிலும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆபத்து ஊற்றுவதில் இருக்கிறது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் சில சொட்டு வைத்து, அது விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். "பாருங்க பாட்டி, கண்ணை அகல விரிக்குது, மூச்சுக்குத் தவிக்குது" என்று காட்டினால் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அதன் பிறகு அவர்களைப் போலப் பொறுமையாகப் பால் கொடுக்க ஆளில்லை.

அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தையின் சிக்கல் வேறு. பசி உண்டு, பலமும் உண்டு. வாயையும் மூக்கையும் பிரிக்கும் சுவர் முழுமையாக இல்லாததால் உறிஞ்சத்தான் முடியாது. நிமிர்த்தி உட்கார்த்திப் பாலாடையிலோ, அமுக்கக்கூடிய மென்மையான புட்டியிலோ கொடுத்து, அறுவை சிகிச்சைக்கு வேண்டிய எடையை எட்டவைக்க வேண்டும். கிரகணத்தன்று வெளியே வந்ததால் வந்த வினை என்று தாயைப் பழிப்பதை இன்றும் கேட்கிறேன். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

என்னை அதிகம் பயமுறுத்துவது இருமவே செய்யாத குழந்தை. புரையேறினால் இருமும் என்றுதான் நினைக்கிறோம். சில குழந்தைகளுக்குப் பால் சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போகும். குடித்த பின் குரல் நீர் கோத்ததுபோல் கரகரக்கும், அடிக்கடி சளிக்காய்ச்சல் வரும். பேரியம் கலந்த பாலைக் கொடுத்து எக்ஸ்ரேயில் படமாகப் பார்த்தால் உறுதியாகத் தெரியும். இப்படிப்பட்ட குழந்தையைத் தொக்கம் எடுக்கவும் உரம் எடுக்கவும் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. தொண்டையில் ஊதுவதும் குழந்தையைக் குலுக்கிப் புரட்டுவதும் உயிருக்கே உலை வைக்கும். தயவுசெய்து வேண்டாம்.

உதவி தூரத்தில் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்கள் இயங்குகின்றன. பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனம் இருக்கிறது. தனியார் பயிற்சியாளரிடம் போனால், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

குறைமாதக் குழந்தையோடு டிஸ்சார்ஜ் ஆகும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டு வாங்குவதற்கு முன், நர்ஸோ பயிற்சியாளரோ பக்கத்தில் இருக்க, ஒரு வேளைப் பாலை முழுவதும் நீங்களே கொடுத்துக் காட்டுங்கள். எடை பார்க்க எப்போது வர வேண்டும் என்று தேதியை எழுதி வாங்குங்கள். வீட்டில் குடிக்கும்போது உதடு நீலமானாலும், மூச்சு வாங்கினாலும், ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாக ஒன்றுக்குப் போனாலும் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்பி வாருங்கள்.