வாசலில் விழும் வேண்டாத நோட்டீஸ்கள்

ஹைதராபாத்தின் ஹப்சிகுடாவில் ஒரு வீட்டுக்கு வந்து சேரும் விளம்பரத் தாள்களில் தபால்காரர் கொண்டுவருவது சொற்பம். பெரும்பகுதி விடியற்காலையில் நாளிதழுக்குள் மடிந்து வருகிறது. இன்னொரு பகுதியைப் பகலில் யாரோ ஒருவர் கேட் இடுக்கில் செருகிவிட்டுப் போகிறார், அல்லது அடுக்ககத்தின் படியேறி ஒவ்வொரு கதவுக் கைப்பிடியிலும் சொருகிவிட்டுப் போகிறார். பெயரும் முகவரியும் அச்சிட்டு வரும் உறைகள் மூன்றாவது ரகம்: வங்கி, காப்பீடு, பங்கு நிறுவனங்கள் அனுப்புபவை. மூன்றும் மூன்று வழிகளில் வருகின்றன. எனவே மூன்றையும் ஒரே இடத்தில் சொல்லி நிறுத்த முடியாது. எந்தத் தாள் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

செகந்திராபாத்திலிருந்து உப்பலுக்குப் போகும் சாலையில் உள்ள பகுதி ஹப்சிகுடா. தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் போன்ற பெரிய ஆய்வு நிறுவனங்கள் இதை ஒட்டியுள்ளன. 2017 நவம்பரில் மெட்ரோ ரயிலும் வந்தது. மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வூதியர்களும் நெருங்கி வாழும் இதுபோன்ற இடத்தை விளம்பரதாரர்கள் எளிதில் விடமாட்டார்கள். வாரங்கல் நெடுஞ்சாலையில் கட்கேசர், பீபிநகர், புவனகிரி, யாதகிரிகுட்டா என்று நீளும் மனைப் பிரிவுகள், ஐஐடி, நீட் பயிற்சி மையங்கள், பள்ளிச் சேர்க்கை, ரத்தப் பரிசோதனைச் சலுகை, குடிநீர் வடிகட்டி பழுது, கரப்பான் மருந்து, வீடு மாற்றித் தரும் லாரி என்று தாள்கள் குவிகின்றன. சீசனுக்கு ஏற்ப அளவு மாறும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் நேரத்தில் கல்லூரி நோட்டீஸ்களுக்குக் குறைவே இருக்காது.

நாளிதழ் வழியை எடுத்துக்கொண்டால், அதற்குள் வரும் தாளுக்கும் நாளிதழ் நிறுவனத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருப்பதில்லை. இரவில் அச்சாகும் பேப்பர் கட்டுகள் விடிவதற்கு முன்பே அந்தந்தப் பகுதியின் விநியோக மையத்தில் வந்து இறங்கும். சாலையோரத்திலோ பூட்டிய கடை வாசலிலோ ஏஜென்ட்டும் பையன்களும் உட்கார்ந்து இணைப்புகளைச் சேர்க்கும்போது நோட்டீஸையும் உள்ளே வைக்கிறார்கள். ஆயிரம் பிரதிக்கு இவ்வளவு என்று விளம்பரதாரர் ஏஜென்ட்டுக்குக் கூலி தருகிறார். பேப்பர் விற்பனையில் கிடைக்கும் கமிஷன் மெலிந்துகொண்டே போகும் காலத்தில் ஏஜென்ட்டுக்கு இந்தக் காசு முக்கியம். அதனால் ஒரே ஒரு வீட்டுக்காரர் “எனக்கு மட்டும் நோட்டீஸ் வேண்டாம்” என்று சொன்னால், ஏஜென்ட் தலையாட்டினாலும் நடைமுறையில் அது நிற்பது கடினம். தெரு வாரியாகப் பேப்பரைப் பிரிப்பதற்கு முன்பே கட்டு முழுவதிலும் தாள் ஏறிவிடுகிறது.

பயன் தருவது வேறு முறை. ஒரு அடுக்ககத்தில் பேப்பர் வாங்கும் எல்லா வீடுகளும் சேர்ந்து, தங்கள் கட்டுக்குத் தாள் வைக்க வேண்டாம் என்று ஏஜென்ட்டிடம் எழுதிக் கொடுத்தால், அவர் அந்தக் கட்டை மட்டும் தனியே எடுத்து வைக்க முடியும். மாதச் சந்தாப் பணம் வசூலிக்க வரும் நாள் இதைப் பேசச் சரியான நேரம். நோட்டீஸால் கிடைக்கும் கூலி நின்றுபோவதை ஈடுகட்ட, வீட்டுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது நியாயமும்கூட. விடியலில் எழுந்து சைக்கிள் மிதிப்பவரின் வருமானத்தில் கைவைத்துத்தான் வாசலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அச்சுத் தாளை விட்டு நாளிதழின் மின்பதிப்புக்கு மாறுபவர்களுக்கு இந்தத் தொல்லையே இராது.

கையால் செருகப்படும் தாள்களை நிறுத்துவது வாட்ச்மேன் கையில் இருக்கிறது. ஹப்சிகுடாவின் உட்தெருக்களில் கீழ்த்தளம் வண்டி நிறுத்தமாகவும், அதன் மேல் நாலைந்து மாடிகளாகவும் கட்டிய சிறு அடுக்ககங்களே அதிகம். பாதுகாப்பு நிறுவனமோ நுழைவுப் பதிவுச் செயலியோ அங்கே இருக்காது. கீழ்த்தளத்து ஒற்றை அறையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வாட்ச்மேன்தான் எல்லாம். அவர் தண்ணீர் மோட்டார் போடப் போயிருக்கும் ஐந்து நிமிடத்தில் நோட்டீஸ்காரர் மூன்று மாடி ஏறி இறங்கிவிடுவார். எனவே “யாரையும் விடாதே” என்று அவரைக் கடிந்துகொள்வதில் பலனில்லை. கேட்டில் தெலுங்கில் ‘கரபத்ராலு வேயராது’ (துண்டறிக்கைகள் போடக் கூடாது) என்று ஒரு பலகை தொங்கவிட்டு, அதன் கீழே ஒரு பெட்டி வைக்கலாம். தாள் கொடுக்க வருபவர் அதில் ஒன்றிரண்டு பிரதியைப் போட்டுவிட்டுப் போகட்டும்; தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். புதிதாகத் திறந்த டிபன் கடையும் தையல்காரரும் தெருவுக்குத் தங்களைத் தெரிவித்துக்கொள்ள இது போதும். அடுக்கக நலச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே இதை நிறைவேற்றிப் பதிவேட்டில் எழுதிவிட்டால், செயலாளர் மாறினாலும் வழக்கம் மாறாது.

சிங்கப்பூர் வீட்டுவசதி வாரிய அடுக்ககங்களில் இந்தப் பிரச்சினைக்குத் தபால்பெட்டியிலேயே தீர்வு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் விரும்பினால் தன் பெட்டியின் வாயைத் தடுப்பால் மூடிவிடலாம். தபால்காரர் பொதுச் சாவியால் பெட்டி வரிசையின் கதவைத் திறந்து முகவரியிட்ட கடிதங்களை உள்ளே வைப்பார்; நோட்டீஸ்காரருக்கு வழி அடைபட்டுவிடும். ஜெர்மனியில் ‘விளம்பரம் வேண்டாம்’ என்று பெட்டியில் ஒட்டிய சீட்டை மதித்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்தது. ஆம்ஸ்டர்டாம் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2018 ஜனவரியிலிருந்து, ‘வேண்டும்’ என்று சீட்டு ஒட்டிய வீட்டுக்கு மட்டுமே முகவரியற்ற விளம்பரத்தைப் போடலாம் என்று விதித்தது. அச்சகத்தார் வழக்குத் தொடுத்தனர். 2021இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கமே நின்றது. பிரிட்டனில் பெயரிட்டு வரும் விளம்பரக் கடிதங்களை மறுப்பதற்கான பதிவேடு 1983 முதல் இருக்கிறது.

இந்தியாவில் தொலைபேசிக்கு அப்படியொரு ஏற்பாடு உண்டு. தொல்லை அழைப்புகளை மறுக்கும் தேசியப் பதிவேடு 2007இல் தொடங்கியது. இன்று 1909 என்ற எண்ணில் பதிந்துகொள்ளலாம். வீட்டு வாசலுக்கு அதுபோன்ற பதிவேடு எதுவும் நாட்டில் இல்லை. கைபேசியில் ஒலிக்கும் விளம்பரத்தை மறுக்க ஒருவருக்கு உரிமை இருக்கும்போது, கதவில் செருகும் விளம்பரத்தை மறுக்கவும் இருக்க வேண்டும். மாநகராட்சி விதியால் செய்யக்கூடிய காரியம்தான் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் சாட்சி.

பெயரிட்டு வரும் உறைகளைக் குறைப்பது ஒப்பீட்டில் எளிது. பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு காலத்தில் ஆண்டறிக்கைகள் செங்கல் கனத்தில் வந்து இறங்கின. நிறுவன விவகார அமைச்சகம் 2011இல் மின்னஞ்சலில் அனுப்ப அனுமதித்த பிறகு அது குறையத் தொடங்கியது. 2024 டிசம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதியைத் திருத்தியதால், மின்னஞ்சல் பதியாதவர்களுக்கும் அறிக்கை இருக்கும் இணைய முகவரியைச் சொல்லும் ஒரு கடிதம் போனால் போதும். மின்னஞ்சலைப் பதிந்துவிட்டால் அந்தக் கடிதமும் வராது. டீமேட் கணக்கு இருப்பவர் அந்தக் கணக்கின் வழியாகவும், காகிதப் பங்கு வைத்திருப்பவர் பதிவாளர் நிறுவனத்திடமும் இதைச் செய்ய வேண்டும். நாட்டின் பெரிய பதிவாளர்களில் ஒன்றான கேஃபின் டெக்னாலஜீஸின் தலைமையகம் ஹைதராபாத்திலேயே இருக்கிறது. வங்கிக் கணக்கு அறிக்கையையும் இதேபோல மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கேட்காமலே கிரெடிட் கார்டு அனுப்புவதை ரிசர்வ் வங்கியின் நெறிமுறை தடைசெய்கிறது. அப்படி அனுப்பிக் கட்டணமும் வசூலித்திருந்தால், வங்கி அதைத் திருப்பித் தருவதோடு அதன் இரு மடங்கை அபராதமாகவும் தர வேண்டும்.

வாடகை வீடுகளில் முன்பு குடியிருந்தவர் பெயருக்கு வரும் கடிதங்கள் தனித் தலைவலி. அவற்றைக் கிழித்துப் போட்டால் அனுப்பியவருக்கு விஷயம் தெரியாது. அடுத்த மாதமும் வரும். உறையைப் பிரிக்காமல், ‘இந்த முகவரியில் இல்லை’ என்று எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் வழி.

முகவரி எப்படிக் கசிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். துணிக்கடையின் குலுக்கல் சீட்டு, கண்காட்சியில் நிரப்பும் படிவம், பரிசோதனைக் கூடத்தின் சலுகை அட்டை ஆகியவற்றில் வீட்டு முகவரி கேட்கப்படும் இடத்தைக் காலியாக விடுவது பிற்காலத் தொல்லையை முளையிலேயே கிள்ளும். 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. காகிதத்தில் எழுதி வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றிய முகவரிக்கும் அது பொருந்தும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்த உரிமைகளும் நிறுவனங்களின் முக்கியக் கடமைகளும் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. முகவரியே இல்லாத நோட்டீஸுக்கு இந்தச் சட்டத்தால் பயனில்லை.

ஆனால் நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சட்டம் உண்டு. பலரும் பயன்படுத்தாத பலமான ஆயுதம் இது. வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். துண்டுத் தாளும் விளம்பரம்தான். பதிவு செய்யாமல் ‘ப்ரீ லாஞ்ச்’ விலை என்று கூவும் தாளைத் தெலங்கானா ரெரா ஆணையத்துக்கு அனுப்பினால், திட்டச் செலவில் பத்து சதவீதம் வரை அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் இருக்கிறது. நூறு சதவீதத் தேர்ச்சி உறுதி என்று சொல்லும் பயிற்சி மைய நோட்டீஸ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலுக்கு எதிரானது. மாணவரின் எழுத்துபூர்வச் சம்மதமின்றி அவர் படத்தைப் போடுவதும் அப்படியே. இதற்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சர்க்கரை நோயை அடியோடு ஒழிப்பதாகச் சொல்லி மருந்து விற்கும் தாள் 1954ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின்படி குற்றம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். தேர்தல் காலத் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. எல்லா நோட்டீஸையும் இவை நிறுத்திவிடாது. மக்களின் சேமிப்பையும் உடலையும் குறிவைக்கும் மோசமானவற்றைப் பிடிக்க இவை உதவும்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டுக்குள் வந்துவிடும் தாளை ஈரக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. சாம்பார் பட்ட காகிதத்தை யாரும் எடுக்கமாட்டார்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் களிமண், சுண்ணாம்புப் பூச்சு இருப்பதால் அதில் கிடைக்கும் நார் குறைவு. ஆனாலும் மறுசுழற்சிக்கு ஆகும். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டைதான் ஆகாது. ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் படலம் இழுபடுவது கண்ணுக்குத் தெரியும். அதைத் தனியே எடுத்துவிட்டு, மற்றவற்றைப் பழைய பேப்பரோடு கட்டிக் காகிதக் கடைக்குப் போடலாம், அல்லது மாநகராட்சியின் ஸ்வச் ஆட்டோவில் உலர் குப்பையாகக் கொடுக்கலாம். பெயரும் கணக்கு எண்ணும் அச்சிட்ட உறைகளில் அந்தப் பகுதியை மட்டும் கிழித்து எடுத்துவிட்டுப் போடுவது பாதுகாப்பு.