திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார்?

பல் வலித்தால் நாம் போகும் மருத்துவமனையின் வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. மருத்துவர் படித்த படிப்பு அதில் எழுதியிருக்கிறது. பதிவு எண் மருந்துச்சீட்டில் அச்சாகியிருக்கிறது. அவர் கைராசிக்காரரா இல்லையா என்று தெருவில் நாலு பேர் சொல்வார்கள். மனம் நொந்து இணையத்தில் ஆலோசகரைத் தேடுகிறவருக்கு இந்தத் துணை எதுவும் கிடைப்பதில்லை. புன்னகைக்கும் ஒரு படம், ஐந்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண், முதல் அமர்வுக்குக் கட்டணச் சலுகை என்ற அறிவிப்பு, இவற்றை வைத்தே அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பெற்றவர்களிடமும் கட்டியவரிடமும் சொல்லாததைச் சொல்லப்போகும் ஒருவரை இவ்வளவு குறைந்த விவரங்களை நம்பித் தேர்ந்தெடுப்பது ஆபத்து. இணையவழி ஆலோசனை பெறத் தயங்க வேண்டாம். ஆனால் ஆளை விசாரிக்காமல் மனதைத் திறக்கவும் வேண்டாம். விசாரிப்பது மரியாதைக் குறைவு அல்ல, அது சிகிச்சை பெறுபவரின் உரிமை.

இணையவழிச் சேவையின் தேவையை யாரும் மறுக்க முடியாது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் சுமார் 10.6 சதவீதம் பேர் அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கோளாறின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. மனநல மருத்துவர்களில் பெரும்பாலோர் நகரங்களில் இருக்கிறார்கள். கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போகிறது. மனநலப் பிரிவின் வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் வேறு. இந்த இரண்டு தடைகளையும் செல்பேசி ஒரே வீச்சில் தாண்டிவிடுகிறது. அந்த வசதி பெரியது என்பதால்தான் அதைப் பயன்படுத்திக்கொள்ள அரைகுறைப் பயிற்சி பெற்றவர்களும் வந்து சேர்கிறார்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, யார் யார் என்பது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதித்தரும் தகுதி அவருக்கு உண்டு. மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். 2020 மார்ச் 25-இல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, மருந்துச்சீட்டிலும் இணையதளத்திலும் கட்டண ரசீதிலும் அந்த எண்ணை அவர் காட்டியாக வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் இடம்பெற்றவர். அவர் பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் செய்வார், மருந்து எழுத மாட்டார். அந்தப் பதிவு இல்லாமல் தொழில் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இந்த இரு வட்டத்துக்கும் வெளியே இருப்பவர்கள்தான் கவுன்சிலர், தெரபிஸ்ட், லைஃப் கோச் என்ற பெயர்களில் வருகிறார்கள். அவர்களில் உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்து ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற அருமையானவர்கள் உண்டு. சில வார இணைய வகுப்பின் சான்றிதழை மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு. ஆலோசகர்களைப் பதிவுக்குள் கொண்டுவர 2021-இல் ஒரு தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தப் பதிவு முறை முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, பிரித்தறியும் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது.

பட்டம் இருந்தால் மட்டும் நல்ல ஆலோசகர் ஆகிவிடுவாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையே உருவாகும் ஒத்திசைவு குணமடைவதோடு தொடர்புடையது என்று உறுதிசெய்தது. நேரில் நடந்த சிகிச்சையில் தெரிந்த அதே தொடர்பு இணையவழிச் சிகிச்சையிலும் தெரிந்தது. ஆகவே தகுதி என்பது வாசற்படி மட்டுமே. அதைத் தாண்டிய பிறகு, இவர் எனக்குப் பொருந்துவாரா என்ற கேள்வி வருகிறது. பொருத்தம் என்றால் இனிமையாகப் பேசுவது மட்டும் அல்ல. என் சிக்கலின் வகையில் இவருக்குப் பழக்கம் உண்டா என்பது முதல் பொருத்தம்: குடிப்பழக்கத்துக்கும், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கும், திரும்பத் திரும்பக் கை கழுவும் கட்டாய எண்ணச் சுழற்சிக்கும் ஒரே அணுகுமுறை போதாது. மொழி இரண்டாவது பொருத்தம். ‘எதுலயும் மனசு ஒட்டமாட்டேங்குது’, ‘நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு’ என்று சொல்கிறவர் அதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றால் பாதி வலி வாய்க்குள்ளேயே தங்கிவிடும். மூன்றாவது, வாழ்க்கைச் சூழலைப் புரிந்துகொள்வது. மாமியார் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணிடம் ‘தனியே போய்விடுங்கள்’ என்று எளிதாகச் சொல்பவரும், சாதி மாறிக் காதலித்த இளைஞரிடம் ‘பெற்றோர் சொல்வதைக் கேளுங்கள்’ என்பவரும் கேட்பவரின் நிலையைக் கேளாமல் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

துன்பத்தில் மூழ்கியிருப்பவரிடம் போய் இத்தனையையும் விசாரிக்கச் சொல்வது கொடுமை அல்லவா என்ற மறுப்பும் வரும். உண்மைதான், படுக்கையை விட்டு எழவே முடியாதவரால் பட்டியல் போட்டுக் கேட்க முடியாது. அதனால் விசாரிக்கும் வேலையை நம்பிக்கையான நண்பரோ உடன்பிறந்தவரோ செய்து கொடுக்கலாம். கேட்க வேண்டியவையும் அதிகம் இல்லை. என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், என் போன்ற சிக்கலில் எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள், பலன் தெரிய எத்தனை அமர்வு ஆகலாம், கட்டணம் எவ்வளவு, ரத்தானால் பணம் திரும்புமா, இரவில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது, நான் சொல்வதை யார் யார் அறிவார்கள். பத்து நிமிடத்தில் கேட்டு முடிக்கலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். முதல் அமர்வில் அவரே இவற்றைச் சொல்லித்தான் தொடங்குவார். கேட்டதும் முகம் சுளிக்கிறார் என்றால், அதுவே உங்களுக்கான பதில்.

திரையில் பேசுவது நேரில் பேசுவது ஆகுமா என்பது பலருடைய ஐயம். பதற்றம், மிதமான மனச்சோர்வு போன்றவற்றில், சிகிச்சையாளர் ஒருவர் கூடவே வழிநடத்தும் இணையவழி அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் முறை) நேரடிச் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஈடான பலனைத் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வழிநடத்த ஆள் இல்லாமல், செயலியே பாடம் நடத்தும்போது பலன் குறைகிறது. பாதியில் விடுபவர்களும் கூடுகிறார்கள். ஆனால் திரைக்கு எல்லை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்திருப்பவர், இல்லாத குரல் கேட்பவர், பல நாள் உறங்காமல் பரபரப்பில் இருப்பவர், குடியை நிறுத்தியதும் கை நடுங்குபவர் ஆகியோருக்கு நேரடி மருத்துவ உதவி வேண்டும். அடிக்கும் கணவர் பக்கத்து அறையில் இருக்கும்போது ஒரு பெண்ணால் காணொளியில் மனம்விட்டுப் பேசவும் முடியாது. இந்த எல்லையை உணர்ந்து, ‘இது என்னால் ஆகாது, மருத்துவமனைக்குப் போங்கள்’ என்று சொல்பவர்தான் பொறுப்பான ஆலோசகர். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2020-இன் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையோ மருந்து எழுதுவதையோ அனுமதிக்கவில்லை. மனச்சுமையை எழுதிப் பார்க்க அவை உதவலாம். நெருக்கடியில் பொறுப்பேற்க அங்கே ஆள் இல்லை.

இணையத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து, சொன்னது எங்கே போகிறது என்பது. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து சுமார் 33,000 பேரின் குறிப்புகள் திருடப்பட்டன. 2020 அக்டோபரில், அந்த அந்தரங்கத்தை வெளியிடுவேன் என்று மிரட்டி ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பணம் கேட்டார் திருடியவர். அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், ரகசியம் காப்பதாக வாக்களித்த தகவல்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2023-இல் குற்றம் சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலே 78 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. நம் நாட்டில் 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தன் நோய் பற்றியும் சிகிச்சை பற்றியும் ரகசியம் காக்கப்படும் உரிமையை 23-ஆம் பிரிவில் தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்ற விதிவிலக்குகள் உண்டு. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தைப் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். 25-ஆம் பிரிவு நம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை தருகிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் தகவலை அழிக்கக் கோரவும் 2023-இன் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. உரிமை காகிதத்தில் இருந்தாலும், கசிந்த ரகசியத்தைத் திரும்ப அள்ள முடியாது. தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் கேட்கும் செயலிக்கு அனுமதி தராதீர்கள். அமர்வு பதிவு செய்யப்படுகிறதா என்று கேளுங்கள். அலுவலகக் கணினியையும் வீட்டார் புழங்கும் செல்பேசியையும் தவிருங்கள்.

தொடங்கிய பிறகும் கண் திறந்திருக்க வேண்டும். முதல் நாளே முப்பது அமர்வுக்கு மொத்தப் பணம் கேட்பது, உறுதியாகக் குணமாக்குவேன் என்பது, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது, தன் சொந்தக் கதையையே பேசிக்கொண்டிருப்பது, வேளை கெட்ட வேளையில் தனிப்பட்ட செய்தி அனுப்புவது, பாலியல் நோக்கில் பேசுவது, இவற்றில் எது நடந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். இப்படி எதுவும் இல்லாமலே பொருந்தாமல் போகவும் கூடும். நாலைந்து அமர்வுக்குப் பிறகும் தூக்கம், வேலை, உறவு எதிலும் சிறு அசைவும் இல்லை என்றால் அதை ஆலோசகரிடமே சொல்லுங்கள். சில அமர்வுகள் வலியைக் கூட்டியபின்தான் குறைக்கும் என்பது உண்மை. அதை அவர் விளக்க வேண்டும். விளக்கம் நிறைவு தராவிட்டால் ஆளை மாற்றுவதில் குற்ற உணர்வு வேண்டாம். ஒருவரிடம் சரிவரவில்லை என்பதற்காக, ‘எனக்கு எந்தச் சிகிச்சையும் பலிக்காது’ என்று முடிவுகட்டுவதுதான் பெரிய இழப்பு.

ஏமாற்றப்பட்டால் வழி இருக்கிறது. மனநல மருத்துவர் மீது மாநில மருத்துவ கவுன்சிலிலும், மருத்துவ உளவியலாளர் மீது மறுவாழ்வு கவுன்சிலிலும் புகார் தரலாம். பணம் வாங்கித் தரும் சேவை என்பதால் நுகர்வோர் சட்டமும் கை கொடுக்கும். இணையவழி வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகள், தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். படத்தையோ பேச்சையோ வைத்து மிரட்டினால் தயங்காமல் காவல்துறையிடம் போங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும் என்பதால், ரசீதையும் முதல் நாள் ஒப்பந்தச் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இத்தனை கவனத்துக்கும் கட்டணத்துக்கும் வசதி இல்லாதவர் என்ன செய்வார்? அவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், தேவைப்பட்டால் அடுத்த கட்ட மருத்துவ உதவிக்கு அவர்களே வழிகாட்டுவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் சிகிச்சை உண்டு. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இன்றிரவே தாங்க முடியாத நிலை என்றால், பட்டத்தையும் பொருத்தத்தையும் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், முதலில் 14416-ஐ அழையுங்கள். அவகாசம் இருக்கிறது என்றால், பணம் கட்டுவதற்கு முன் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள்.