வீட்டு முயற்குட்டியின் சம்ரட்சணை

குழந்தைகளின் ஆசைக்காகச் சந்தையில் முயற்குட்டி வாங்கிவந்து வீட்டிற்குள் வளர்ப்போர் நமது கிராமங்களில் பலர் உளர். வாங்கிய சில தினங்களில் குட்டி மாண்டுபோயிற்று என்றும், முயல் நமது சீமைக்கு ஒத்துவராத பிராணி என்றும் அவர்களிற் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. பெரும்பாலும் குட்டிக்கு யமனாவது நாம் அன்பினால் ஊட்டும் தகாத ஆகாரமே.

பிறர்மீது பழி சுமத்த இதை எழுதவில்லை. கால்நடைத் தீனியைப் பற்றிக் குடியானவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே உத்தியோகமாகக் கொண்ட என் வீட்டிலேயே, சில வருஷங்களுக்கு முன் என் மகளின் குட்டி மாண்டது. ஐந்து வாரமே ஆகியிருந்த அதற்குப் பசும்பாலும் பால்சோறும் கொடுக்கச் சொன்னவன் நானே. மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. நான்காம் நாள் விடியுமுன் உயிர் நீங்கிற்று. கன்றுக்கு ஏற்றது முயலுக்கும் ஏற்கும் என்று எண்ணியது என் பிழை.

குட்டியைத் தெரிந்தெடுத்தல்

முயல் சினைப்பட்ட ஏறக்குறைய 31 நாட்களில் ஈனும். குட்டிகள் மயிரின்றிக் கண் மூடிப் பிறந்து, சுமார் 10 நாட்களில் கண் திறக்கும். 8 வாரம் நிரம்பாத குட்டியைத் தாயினின்று பிரித்து வாங்கலாகாது. வயலில் அறுப்பின்போது அகப்படும் குட்டி வேறு ஜாதியைச் சேர்ந்த காட்டு முயல். அது மயிருடனும் திறந்த கண்ணுடனும் பிறப்பது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ட இடத்திலேயே விட்டுவிடும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் ஜனங்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.

ஆகாரம்

மாடு அசைபோட்டு உண்பது. முயலுக்கு இரைப்பை ஒன்றே. புல்லின் நார் அதன் குருட்டுக்குடலில் நுண்ணுயிர்களால் பக்குவமாகின்றது. அங்கு உண்டாகும் மிருதுவான புழுக்கையை முயல் தானே வாய் வைத்து உண்ணும். இதை அசுத்தமென்று தடுத்தல் கூடாது. சத்து அதிலேதான் இருக்கின்றது. பாலும் சோறும் ரொட்டியும் தித்திப்பும் அந்நுண்ணுயிர்களின் நிலையைக் கெடுத்துக் கழிச்சலை உண்டாக்கும்.

ஆகையால் தீனியில் ஐந்தில் நான்கு பங்கு உலர்ந்த புல்லாக இருத்தல் வேண்டும். நிழலில் உலர்த்திய கொழுக்கட்டைப்புல்லும் அருகம்புல்லும் ஏற்றவை. ஆறு மாதம் வரையில் குதிரைமசாலும் கொடுக்கலாம். பின்பு அதைக் குறைத்துவிட வேண்டும். முன்பற்கள் வாரத்திற்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்வதால், அவை தேய்வதற்கும் புல்லே வேண்டும். கொத்தமல்லி, முள்ளங்கி இலை முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குக. காரட் கிழங்கு எப்பொழுதாவது ஒரு துண்டு போதும். வெங்காயம் ஆகாது. பூச்சிமருந்து தெளித்த வரப்புப் புல்லை ஒருபோதும் போடாதீர்கள். கனமான மண்கலயத்தில் எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

இடமும் உஷ்ணமும்

கூண்டு 4 அடி நீளமும் 2 அடி அகலமுமாவது இருத்தல் வேண்டும். அடியில் வெறுங்கம்பி வலை இருந்தால் பாதம் புண்ணாகும். சாக்கோ பாயோ விரிக்கவும். தினமும் சில மணிநேரம் வெளியே விடுக. மின்சாரக் கம்பிகளைக் கடித்துவிடுமாகையால் அவற்றை எட்டாதபடி வைக்கவும்.

நமது சமவெளிகளில் பெரிய சத்துரு வெயிலே. முயலுக்கு வியர்வை கிடையாது. உடற்சூட்டைக் காதுகளின் வழியாகவே பெரிதும் வெளியேற்றும். 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டால் ஆபத்து. சித்திரை, வைகாசியில் கூண்டைக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, பக்கத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, படுக்க ஈரத் தரை ஓடு ஒன்று போடவும். வாய் திறந்து மூச்சு வாங்கினால் காதுகளை ஈரத்துணியால் துடைத்து உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஒரு கையால் மார்பையும் மறுகையால் பின்புறத்தையும் தாங்கித் தூக்குக. காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. பின்புறம் தொங்கத் தூக்கினால், அது உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும்.

ஆபத்தின் குறிகள்

பயிரைப் பார்க்கப் புறப்படுமுன், விடியற்காலையில் முயலின் புழுக்கையைப் பாருங்கள். உருண்டு, உலர்ந்து, ஏராளமாக இருந்தால் கவலையில்லை. சிறுத்தாலோ நின்றாலோ குடல் ஓய்கிறதென்று அறிக. 12 மணிநேரம் தின்னாத முயல் மரணத்தை நெருங்குகிறதென்றே கொள்ள வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் கால்நடை மருத்துவமனைக்குச் செல்க. மனிதருக்குரிய மாத்திரைகளைக் கொடாதீர்கள். பென்சிலின், அமாக்ஸிசிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குருட்டுக்குடலின் நிலை குலைந்து முயல் மாளும்.

நன்கு பேணினால் வீட்டு முயல் 8 முதல் 10 வருஷம் வரையில் ஜீவிக்கும். அத்தனை காலம் பராமரிக்க இயலுமா என்று வாங்குமுன் யோசித்தல் உசிதம். என் மகள் பின்னர் வாங்கிய குட்டி மேற்கண்ட முறையில் வளர்ந்து இப்பொழுது ஐந்தாம் பிராயத்தில் இருக்கின்றது. காலையில் கூண்டைப் பார்ப்பது இன்றும் என் முறையே.