நிரல்தொகுப்பு விளக்கப்படம்

நிரல்தொகுப்பு விளக்கப்படம் என்பது ஒரு மென்பொருளின் மூல நிரல் எந்தெந்தப் பகுதிகளால் ஆனது, அவை எவ்வாறு தொடர்புகொள்கின்றன என்பதைக் கட்டங்களாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் படமாகும். திட்டத்தில் புதிதாகச் சேர்பவர், தாம் திருத்த வேண்டிய இடத்தை விரைவில் கண்டறிய இது உதவுகிறது. கட்டற்ற மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம்; ஆனால் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று தெரியாமல் பலர் பாதியிலேயே விலகிவிடுகின்றனர்.

வரலாறு

ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நியூமனும் 1947இல் வெளியிட்ட அறிக்கையில் கணினி நிரல்களைப் பாய்வுப்படங்களால் விளக்கினர். 1997இல் யூஎம்எல் என்னும் படமொழி தரமாக ஏற்கப்பட்டது. பின்னர் சைமன் பிரவுன் உருவாக்கிய சி4 முறை, மென்பொருளை நான்கு நிலைகளில் வரையச் சொல்கிறது. வெளிச்சூழலில் தொடங்கி, படிப்படியாக உள்ளே சென்று, நிரல் வரை அது காட்டுகிறது.

எடுத்துக்காட்டு: எழில்

எழில் என்பது தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் கட்டற்ற நிரல்மொழி. முத்து அண்ணாமலை உருவாக்கிய இம்மொழியின் இயக்கி, பைத்தானில் எழுதப்பட்டது. 'பதிப்பி' என்பது திரையில் வெளியிடும் கட்டளை.

'பதிப்பி 2 + 3' என்னும் வரி மூன்று கட்டங்களைக் கடப்பதாக எளிமையாக வரையலாம்.

1. சொல் பிரித்தல்: வரி 'பதிப்பி', '2', '+', '3' என நான்கு துண்டுகளாகிறது.
2. தொடர் பகுத்தல்: துண்டுகள் மர வடிவில் அடுக்கப்படுகின்றன. 'பதிப்பி'யின் கீழ் '+', அதன் கீழ் 2, 3 அமைகின்றன.
3. இயக்குதல்: மரம் கணக்கிடப்பட்டு, 5 என்ற விடை திரையில் தோன்றுகிறது.

கோப்புறையில் கோப்புகள் பெரும்பாலும் அகரவரிசையில் இருக்கும். நிரல் அந்த வரிசையில் இயங்குவதில்லை. இயங்கும் வரிசையைப் படம் காட்டுகிறது. ஒரு சொல் தவறாகப் பிரிந்தால் முதல் கட்டத்தையும், கூட்டல் விடை பிழையானால் மூன்றாம் கட்டத்தையும் முதலில் பார்க்கலாம்.

வரையும் முறை

- ஒரு படம் ஒரு கேள்விக்கு மட்டும் விடை தர வேண்டும்.
- ஒவ்வொரு கட்டத்திலும் உரிய கோப்பின் பெயரை எழுத வேண்டும்.
- அம்புக்குறி தரவின் போக்கைக் குறிக்கிறதா, ஒரு பகுதி மற்றொன்றை அழைப்பதைக் குறிக்கிறதா என்று சொல்ல வேண்டும்.
- புதியவரையே வரையச் சொல்லி, அனுபவம் உள்ளவர் திருத்துவது நல்லது. அவர் எதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது அப்போது வெளிப்படும்.

வரம்புகள்

நிரல் மாறியபின் மாற்றப்படாத படம் புதியவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். இதைக் குறைக்க மெர்மெய்ட், பிளான்ட்யூஎம்எல், கிராஃப்விஸ் போன்ற கருவிகள் பயன்படுகின்றன. இவற்றில் படத்தை எழுத்து வடிவில் எழுதி, நிரலுடனேயே சேமிக்கலாம். நிரலைத் திருத்துபவரே படத்தையும் திருத்தலாம். நிரலிலிருந்து தானாக உருவாக்கப்படும் படங்கள், நிரல் மாறும்போதெல்லாம் மீண்டும் உருவாக்கப்பட்டால் காலாவதியாவதில்லை. ஆயினும் எல்லாத் தொடர்புகளையும் ஒருங்கே காட்டுவதால், பெரிய திட்டங்களில் அவற்றைப் படிப்பது கடினம். எதை விடுவது என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.